ரெட்பேர்டா, ஆர்-33-ஆ? நியூயார்க்கின் பழைய சுரங்க ரயில் பெட்டிகளும் அவற்றின் இரட்டைப் பெயர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க் சுரங்க ரயிலின் பழைய பெட்டிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்களை முதலில் மிரட்டுவது பெயர்கள்தான். ஒரே பெட்டியை ஒரு புத்தகம் 'டி வகை' என்கிறது, இன்னொன்று 'டிரிப்ளெக்ஸ்' என்கிறது. ஒருவர் 'ஆர்-9' என்று எழுதுகிறார், பக்கத்திலேயே மற்றொருவர் 'ஆர்நைன்' என்று எழுதுகிறார்; அவர்கள் பேசுவது ஒரே பொருளைப் பற்றியா என்பதே விளங்குவதில்லை. இந்தப் பெட்டிகள் மீது எனக்குப் பல ஆண்டுகளாகத் தீராத பற்று. நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

அதிகாரப்பூர்வப் பெயர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பெட்டியை வாங்கியவர் தம் ஆவணங்களில் எழுதிய பெயரை. ஆனால் நியூயார்க்கில் வாங்கியவர் ஒருவர் அல்ல, மூவர். 1904 அக்டோபர் 27 அன்று முதல் சுரங்கப் பாதையில் ரயில் ஓட்டியது இன்டர்பரோ ரேபிட் டிரான்சிட் என்ற தனியார் நிறுவனம், சுருக்கமாக ஐஆர்டி. புரூக்ளின் பக்கத்தில் வேறொரு நிறுவனம். 1923 வரை அதன் பெயர் பிஆர்டி, பிறகு பிஎம்டி. இந்த இரண்டோடும் போட்டியிட மாநகராட்சியே கட்டி 1932 செப்டம்பர் 10 அன்று திறந்தது ஐஎன்டி. 1940-ல்தான் மூன்றும் மாநகராட்சியின் கைக்கு வந்து ஒரே அமைப்பாயின.

மூன்று வீடு, மூன்று பழக்கம். ஐஆர்டி தன் பெட்டிகளை மின்சார ஏற்பாட்டையும் உடலமைப்பையும் வைத்துப் பிரித்தது. பிஎம்டி எழுத்துகளைச் சூட்டியது: ஏ, பி, சி, டி என்று. ஐஎன்டியோ கொள்முதல் ஒப்பந்தத்தின் எண்ணையே பெயராக்கியது: ஆர்-1, ஆர்-4, ஆர்-6. இன்று வரை நியூயார்க் பெட்டிகள் அந்த மூன்றாவது வழியில்தான் பெயர் பெறுகின்றன. ஆகவே ஒரு பழைய பெட்டியின் 'சரியான பெயர்' என்ன என்று கேட்பதற்கு முன், அது யார் வீட்டுப் பிள்ளை என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பட்டப்பெயர்களை யார் வைத்தார்கள்?

பல வாய்கள். பயணிகள், ஓட்டுநர்கள், பணிமனைத் தொழிலாளர்கள், செய்தித்தாள்கள், சில சமயம் தயாரித்த நிறுவனமே. இவர்களோடு ரயில் ஆர்வலர்கள். மின்சார ரயில்களை நேசிப்பவர்களுக்கான எலெக்ட்ரிக் ரெயில்ரோடர்ஸ் அசோசியேஷன் என்ற சங்கம் நியூயார்க்கில் 1934-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. ஒரு பெட்டி ஓய்வுபெற்ற பிறகும் அதைப் பற்றி விடாமல் பேசுகிறவர்கள் ஆர்வலர்கள்தான். அதனால் யார் வாயில் பிறந்த பெயரானாலும் அது பிழைத்துக் கிடப்பது பெரும்பாலும் அவர்கள் வாயில்.

ஹை-வி, லோ-வி என்கிறார்களே, அவை பட்டப்பெயர்களா?

பட்டப்பெயர் போல ஒலிக்கும் தொழில்நுட்பப் பெயர்கள். உயர் மின்னழுத்தம், தாழ் மின்னழுத்தம் என்பவற்றின் ஆங்கிலச் சுருக்கங்கள். முதல் தலைமுறை ஐஆர்டி பெட்டிகளில், தண்டவாளத்தின் ஓரமாக ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து வரும் 600 வோல்ட் மின்சாரம் ஓட்டுநர் கையாளும் கட்டுப்பாட்டுக் கருவிக்குள்ளேயே பாய்ந்தது. அது ஹை-வி. அடுத்து வந்தவற்றில் பேட்டரியின் 32 வோல்ட் மட்டும் ஓட்டுநரின் கைப்பிடி வழியாகப் போய், பெட்டிக்கு அடியில் உள்ள சாதனங்களுக்குக் கட்டளையிட்டது. அது லோ-வி. ஓட்டுநரின் உயிருக்கும் அது பாதுகாப்பு. ஒரு வேலையாளின் கைக்கு அருகே எத்தனை வோல்ட் ஓடியது என்பதைத் தன் பெயரிலேயே தாங்கியிருக்கும் பெட்டி என்பதால், இந்த வறண்ட பெயர் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

லோ-வி பெட்டிகளுக்குள் உட்பிரிவுகளும் உண்டு. கிழக்கு ஆற்றின் அடியில் போகும் ஸ்டைன்வே சுரங்கத்தின் செங்குத்தான ஏற்றங்களுக்காகவே பற்சக்கர விகிதம் மாற்றப்பட்டவை 'ஸ்டைன்வே' லோ-வி. 1939 உலகக் கண்காட்சிக்காக 1938-ல் செயின்ட் லூயிஸ் கார் கம்பெனி கட்டித் தந்த 50 பெட்டிகள் 'வேர்ல்ட்ஸ் ஃபேர்' லோ-வி. 1915-ல் வந்த ஒரு தொகுதிக்கு 'ஃபிளிவர்' என்று பெயர். மலிவான மோட்டார் காரை அந்தக் காலத்து அமெரிக்கர்கள் அழைத்த கொச்சைச் சொல் அது. ஒரே குடும்பத்துக்குள் இடப்பெயர், விழாப்பெயர், கேலிப்பெயர் மூன்றும் இருப்பதைக் கவனியுங்கள்.

'கிப்ஸ்' பெட்டி என்பது யார் பெயர்?

ஜார்ஜ் கிப்ஸ் என்ற பொறியாளரின் பெயர். 1904-ல் சுரங்கம் திறப்பதற்காக முதலில் வாங்கப்பட்ட 500 பெட்டிகள் மரமும் எஃகும் கலந்தவை. வெளியே செப்புத் தகடு போர்த்தியவை. அவற்றின் பெயரே 'காம்போசிட்', அதாவது கலவை. பூமிக்கடியில் மரப்பெட்டி தீப்பிடித்தால் என்ன ஆகும் என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. முழுக்க எஃகால் பயணிகள் பெட்டி கட்டலாம் என்று கிப்ஸ் நிறுவ விரும்பியபோது, வேறு வேலைகளில் மூழ்கியிருந்த கம்பெனிகள் அதை எடுத்துச் செய்ய முன்வரவில்லை. பென்சில்வேனியா ரயில்வேயின் அல்டூனா பணிமனையில்தான் மாதிரிப் பெட்டி உருவானது. அதன் வழியில் 300 பெட்டிகள் 1904-05-ல் வந்தன. உலகிலேயே தொகுதியாகக் கட்டப்பட்ட முதல் முழு எஃகுச் சுரங்க ரயில் பெட்டிகள் அவை. அவற்றில் ஒன்று மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க்போர்ட்டில் உள்ள டிராலி அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

பிஎம்டி 'ஸ்டாண்டர்ட்', 'ஸ்டீல்', 'ஏபி', '67 அடி': நான்கு வகையா, ஒன்றா?

ஒன்றுதான். 1914 முதல் 1924 வரை வந்த 950 பெட்டிகள். நீளம் 67 அடி, அகலம் 10 அடி. ஐஆர்டி பெட்டிகளோ 51 அடி சொச்சம்தான். மரப்பெட்டிகளில் பழகிய புரூக்ளின்வாசிகளுக்கு இவை 'ஸ்டீல்'. அளவை வியந்தவர்களுக்கு '67 அடி'. தனித்து ஓடக்கூடியவை ஏ, மூன்று சேர்ந்த தொகுதிகள் பி என்று நிறுவனம் எழுதியதால், பிற்காலத்தவர் இரண்டையும் ஒட்டி 'ஏபி' என்றார்கள்.

டிரிப்ளெக்ஸ், டி வகை: எதைச் சொல்வது?

இரண்டையும் சொல்லலாம், பேச்சில் நான் டிரிப்ளெக்ஸ் என்றே சொல்வேன். 1925 முதல் 1928 வரை வந்த 121 தொகுதிகள். ஒவ்வொன்றும் மூன்று உடல்கள் கொண்டது. நடு உடல் தன் இரு பக்கத்து உடல்களோடு சக்கரத் தொகுதியைப் பகிர்ந்துகொள்ளும். மொத்த நீளம் 137 அடி. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு உள்ளேயே நடந்து போகலாம். 'டி' என்ற எழுத்து இதில் எதையும் சொல்வதில்லை. சி-க்கு அடுத்து டி, அவ்வளவுதான். 'டிரிப்ளெக்ஸ்' என்றவுடன் மூன்று மடிப்பு கண்முன் வருகிறது. 1965-ல் ஓய்வுபெற்ற இவற்றில் மூன்று தொகுதிகள் பாதுகாக்கப்பட்டுள்ளன.

'கம்பார்ட்மென்ட் கார்' என்று ஆவணத்தில் பார்த்தேன். அப்படி ஒரு ரயில் இருந்ததா?

இருந்தது. ஆனால் அந்தப் பெயரில் கேட்டால் பழைய ஆர்வலர்களே ஒரு கணம் யோசிப்பார்கள். 'புளூபேர்ட்' என்று கேளுங்கள், உடனே முகம் மலரும். நீலப் பறவை. 1938 முதல் 1940 வரை கிளார்க் எக்விப்மென்ட் என்ற நிறுவனம் பிஎம்டிக்காகக் கட்டியது. அந்தக் காலத்தின் அதிநவீன டிராம் தொழில்நுட்பத்தைச் சுரங்க ரயிலுக்குக் கொண்டுவந்த, மூன்று உடல் கொண்ட சிறிய, இலகுவான, வேகமாகக் கிளம்பும் வண்டி. பிஎம்டி இன்னும் பல கேட்டிருந்தது. 1940-ல் அமைப்பு மாநகராட்சியின் கைக்குப் போனதும் அந்த ஆர்டர் நிறுத்தப்பட்டது. மொத்தம் ஆறே தொகுதிகள். 1950-களின் நடுவில் ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டன, ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. இரும்பு போய்விட்டது, ஆவணப் பெயரும் மறைந்துவிட்டது, பறவையின் பெயர் மட்டும் நிற்கிறது. ஆனால் அந்தப் பெயரை மட்டும் தெரிந்தவர்கள் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் 'புளூபேர்ட்' என்று தேடினால், அந்தப் பறவை அகப்படாமல் போகலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே 'கம்பார்ட்மென்ட் கார்' என்ற சொல்லையும் நாம் உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

அதே காலத்துச் சோதனை ரயில்கள் இரண்டு, இரண்டும் 1934-ல் வந்தவை. புல்மேன் கட்டிய அலுமினிய ரயிலுக்குக் 'கிரீன் ஹார்னெட்', அதாவது பச்சைக் குளவி என்று பெயர். 'பிளிம்ப்' என்றும் சொன்னார்கள். பட் நிறுவனம் எவர்சில்வரில் கட்டியது 'செஃபிர்'. அதே நிறுவனம் நீண்டதூரப் பாதைக்குச் செய்துகொடுத்த புகழ்பெற்ற செஃபிர் ரயிலின் சாயல். இரண்டுக்கும் ஐந்து உடல்கள். பச்சைக் குளவியை இரண்டாம் உலகப் போரின்போது அலுமினியத்துக்காக உடைத்துவிட்டார்கள். இதில் ஒரு சிறு புதிர்: அதே பெயர் கொண்ட வானொலித் தொடர் தொடங்கியது 1936-ல், ரயில் வந்ததோ 1934-ல். தொடரைப் பார்த்துத்தான் ரயிலுக்குப் பெயர் வந்தது என்றால், அந்தப் பெயர் ரயிலோடு பிறந்திருக்க முடியாது. பட்டப்பெயரைக் கையாளும்போது இந்த மாதிரி ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

'ஆர்நைன்' என்றால் என்ன?

ஆர்-9 என்பதை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுங்கள். ஆர் நைன். அதையே ஒரு சொல்லாக ஒட்டிவிட்டார்கள். ஆனால் அந்தச் சொல் ஆர்-9 என்ற ஓர் ஒப்பந்தத்தை மட்டும் குறிப்பதில்லை. ஆர்-1, ஆர்-4, ஆர்-6, ஆர்-7, ஆர்-7ஏ, ஆர்-9 ஆகிய குடும்பம் முழுவதையும் குறிக்கிறது. 1930 முதல் 1940 வரை வந்த 1,703 பெட்டிகள். ஒன்றோடொன்று இணைந்து ஓடக்கூடியவை, பார்வைக்கு உடன்பிறந்தவை. மாநகராட்சி தன் பணத்தில் வாங்கியதால் இவற்றைச் 'சிட்டி கார்' என்றும் அழைத்தார்கள்.

ஏறி உட்கார்ந்தால் முதலில் கைக்குத் தட்டுப்படுவது பிரம்பு இருக்கை. மெருகேற்றிய பிரம்புப் பின்னல், வெயில் காலத்தில் தொடையில் கோடு பதிக்கும். தலைக்கு மேலே வீட்டுக் கூடத்தில் தொங்குவது போன்ற மின்விசிறி. மூடியில்லாத குண்டு பல்புகள் இரண்டு வரிசையாக. வண்டி கிளம்புகிறது, அடியிலிருந்து ஒரு முனகல். நேர்வெட்டுப் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கடிக்கும் ஓசை அது. வேகம் கூடக் கூட அந்த முனகல் சுருதி ஏறி, ஒரு நிலையில் பாட்டாகவே ஆகிவிடுகிறது. ஏதாவது சந்திப்பில் மூன்றாவது தண்டவாளம் சற்று விட்டுப்போகும் இடம் வந்தால், அந்தப் பெட்டியின் விளக்குகள் மட்டும் சட்டென்று அணைந்து, அடுத்த கணம் திரும்ப எரிகின்றன. அடுத்த பெட்டியிலும் அப்படியே. இருள் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போவதைப் பார்க்கலாம்.

அந்த முனகலைக் கேட்ட பிறகு, ஆறு ஒப்பந்த எண்களை ஒரே சொல்லில் ஏன் கட்டினார்கள் என்பது புரியும். ஆறுக்கும் ஒரே குரல். கடைசி ஆர்-9 பெட்டிகள் 1977 மார்ச் மாதத்தோடு ஓய்வுபெற்றன.

ஆர் எண் பெரிதாக இருந்தால் பெட்டி புதியது என்று கொள்ளலாமா?

பெரும்பாலும் கொள்ளலாம். ஆனால் அந்த எண் ஒப்பந்தங்களின் வரிசையே தவிர, பெட்டிகளின் வரிசை அன்று. பயணிகள் ஏறாத பணிவண்டிகளுக்கும் அதே வரிசையில்தான் எண் கொடுத்தார்கள். அதனால்தான் பட்டியலில் எண்கள் விட்டு விட்டு வருகின்றன. அளவையும் அது சொல்லாது: ஆர்-10 என்பது 60 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டது, ஆர்-12 குறுகிய ஐஆர்டி சுரங்கங்களுக்கான 51 அடிப் பெட்டி.

இன்னும் ஒரு விசித்திரம். நியூயார்க் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் 1575 என்ற எண் கொண்ட பெட்டி இருக்கிறது. ஒப்பந்தப்படி அது ஆர்-7ஏ. ஆனால் 1947-ல் அதன் உட்புறத்தை அடியோடு மாற்றி, அடுத்து வரவிருந்த ஆர்-10 எப்படி இருக்கும் என்று காட்டும் மாதிரியாக ஆக்கிவிட்டார்கள். பெயர் அக்காவினுடையது, முகம் தங்கையினுடையது.

'மில்லியன் டாலர் ரயில்' உண்மையிலேயே அவ்வளவு விலையா?

ஆமாம். 1949-ல் பட் நிறுவனம் கட்டிய ஆர்-11. பத்தே பெட்டிகள், ஒவ்வொன்றும் சுமார் ஒரு லட்சம் டாலர்; பெருக்கிப் பார்த்தால் பட்டப்பெயர். எவர்சில்வர் உடல், கிருமிகளைக் கொல்லப் புற ஊதா விளக்குகள் என்று அந்தக் காலத்துக்குக் கனவு மாதிரி. கட்டப்படவிருந்த இரண்டாவது அவென்யூ சுரங்கத்துக்கான முன்மாதிரி அது; அந்தச் சுரங்கம் அப்போது வரவே இல்லை. 8013 என்ற ஒரு பெட்டி மட்டும் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதற்குச் சற்று முன்பு வந்த ஆர்-10 பெட்டிகளைத் 'தண்டர்பேர்ட்' என்பார்கள். இவை 400, 'ஏ' என்ற எழுத்தால் அழைக்கப்படும் வழித்தடத்தின் விரைவு ரயிலோடு சேர்த்தே நினைவுகூரப்படுகின்றன.

ரெட்பேர்ட் என்பது எந்தப் பெட்டி?

அதிகம் பேசப்படும் பெயர், அதிகம் தவறாகப் பயன்படும் பெயரும் இதுதான். சற்று விரிவாகவே சொல்கிறேன்.

'ரெட்பேர்ட்' என்ற பெயரில் ஓர் ஒப்பந்தமும் இல்லை. ஆர்-26, ஆர்-28, ஆர்-29, ஆர்-33, ஆர்-36 என்று 1959 முதல் 1964 வரை ஐஆர்டி பாதைகளுக்காக வந்த ஐந்து ஒப்பந்தங்களின் பெட்டிகளுக்கான செல்லப்பெயர் அது. வந்தபோது இவை ஒரே நிறத்தில் இல்லை. சில ஆலிவ் பச்சை, சில பளிச்சென்ற சிவப்பு, 1964-65 உலகக் கண்காட்சிக்காக வந்தவை நீலமும் வெள்ளையும். 1970-களில் எல்லாவற்றுக்கும் வெள்ளி நிறமும் நீலப் பட்டையும் அடித்தார்கள். அதற்கு மேல் தெளிப்பு வண்ணக் கிறுக்கல்கள் ஏறின. 1984-ல் போக்குவரத்து ஆணையத்தின் தலைவராக வந்த டேவிட் கன், கிறுக்கலை ஒழிப்பதை ஒரு போராகவே நடத்தினார். அந்தக் காலத்தில்தான் பழைய பெட்டிகளைப் பழுதுபார்த்து அடர்ந்த செந்நிறம் பூசினார்கள். அந்த நிறத்தை அவர் பெயரால் 'கன் சிவப்பு' என்றும் சொல்வதுண்டு. ரெட்பேர்ட் என்ற பெயர் அந்த வண்ணத்தோடு வந்தது.

ஆகவே 1962-ல் எடுத்த பச்சை நிற ஆர்-28 படத்தின் கீழே 'ரெட்பேர்ட்' என்று எழுதினால், இருபது ஆண்டு கழித்துப் பூசப்படப்போகும் வண்ணத்தை முன்கூட்டியே பூசிவிடுகிறோம். இது சின்ன விஷயம் என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சிவப்புக்குப் பின்னால் ஒரு நகரம் சீரழிந்து மீண்ட வரலாறு இருக்கிறது. பெயரை முன்னே தள்ளினால் அந்த வரலாறு அழிந்துபோகிறது.

அதே சிவப்பை ஆர்-17, ஆர்-27, ஆர்-30 பெட்டிகள் சிலவற்றுக்கும் பூசினார்கள். அவற்றையும் ரெட்பேர்ட் கூட்டத்தில் சேர்க்கலாமா என்று ஆர்வலர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நிறத்தால் வந்த பெயர் என்பதால் சேர்க்கலாம் என்பது என் கட்சி.

ரெட்பேர்டின் கடைசி ஓட்டம் 2003 நவம்பர் 3 அன்று, 7-ஆம் எண் பாதையில். ஃபிளஷிங் போகும் அந்தப் பாதை தமிழர்கள் பலருக்கு நெருக்கமானது. அங்கே பவுன் தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்கு 1977-ல் குடமுழுக்கு நடந்தது. அந்த ஆண்டு முதல் 2000-களின் தொடக்கம் வரை 7-ஆம் எண் ரயிலேறிக் கோயிலுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஆர்-33, ஆர்-36 பெட்டிகளில்தான் போனார்கள். வயதில் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்தச் சிவப்பு ரயிலை நினைவு வைத்திருப்பார்கள்.

ஓய்வுக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரெட்பேர்டுகளைச் சக்கரமும் கண்ணாடியும் நீக்கி அட்லாண்டிக் கடலில் இறக்கினார்கள், மீன்கள் தங்கும் செயற்கைத் திட்டாக. டெலவர் கரையிலிருந்து சுமார் 16 மைல் தூரத்தில் அப்படி எழுநூறு பெட்டிகளுக்கு மேல் கிடக்கும் இடத்துக்கு அந்த மாநிலம் வைத்த பெயர் 'ரெட்பேர்ட் ரீஃப்'. அதன் அலுவல் எண் 11. ஆனால் மீனவர்களும் முக்குளிப்பவர்களும் சொல்வது ரெட்பேர்ட் என்றுதான். அரசின் குறிப்புகளிலும் அதே பெயர். பெட்டிகள் ஓடிய காலத்தில் எந்த ஒப்பந்தத்திலும் இடம்பெறாத சொல், அவை மூழ்கிய பிறகு ஓர் அரசின் ஏட்டில் இடப்பெயராக ஏறிவிட்டது.

அப்படியானால் 'புளூபேர்ட்' இரண்டு உண்டா?

உண்டு, எச்சரிக்கையாக இருங்கள். முன்பு சொன்ன 1938-40 பிஎம்டி வண்டி ஒன்று. 1964-65 உலகக் கண்காட்சிக்காக ஃபிளஷிங் பாதையில் நீலமும் வெள்ளையுமாக வந்த ஆர்-33, ஆர்-36 பெட்டிகளின் வண்ணத்தையும் 'புளூபேர்ட்' என்று சொல்கிறார்கள். கால் நூற்றாண்டு இடைவெளி, முற்றிலும் வேறு வண்டி. அதிலும் வேடிக்கை, இந்த இரண்டாவது நீலப் பறவைகள்தாம் பிற்பாடு சிவப்புப் பறவைகள் ஆயின.

அந்தக் கண்காட்சிப் பெட்டிகளில் 40 மட்டும் ஜோடி சேராத ஒற்றைப் பெட்டிகள். 7-ஆம் எண் பாதையில் 11 பெட்டி ரயில் ஓடியது. ஐந்து ஜோடிக்கு மேல் ஒன்று தேவைப்பட்டது. அந்த ஒற்றைகளை ஆர்-33எஸ் என்று பிரித்துச் சொல்வார்கள். இரண்டிரண்டாக நிரந்தரமாகப் பிணைத்த பெட்டிகளை நியூயார்க்கில் 'மணமான ஜோடி' என்றே அழைக்கிறார்கள். அலுவலகமும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது.

பட்டப்பெயரை நிறுவனமே வைத்ததும் உண்டா?

'பிரைட்லைனர்' அப்படிப்பட்டது. 1964-65-ல் பட் நிறுவனம் கொடுத்த 600 ஆர்-32 பெட்டிகள், நெளிநெளியான எவர்சில்வர் உடலோடு பளபளத்தவை. 1964 செப்டம்பரில் பிராங்ஸிலிருந்து கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு, வேறொரு ரயில்வேயின் தண்டவாளத்தில் சிறப்பு ஓட்டம் விட்டு அறிமுகப்படுத்தினார்கள். பிரைட்லைனர் அந்த விளம்பரத்தின் சொல். மக்கள் வைத்த பெயர் போல அது ஒட்டவில்லை என்றே நினைக்கிறேன். பேச்சில் 'முப்பத்திரண்டு' என்பதுதான் அதிகம். 2022 ஜனவரியில் விடைகொடுக்கும் ஓட்டம் நடந்தபோது வந்து நின்ற கூட்டத்துக்கு அந்த எண்ணே போதுமானதாக இருந்தது.

அதிகாரப்பூர்வப் பெயரைவிடப் பட்டப்பெயர் துல்லியமாக இருக்க முடியுமா?

முடியும். ஆர்-40 நல்ல சான்று. ரேமண்ட் லோவியின் வடிவமைப்பில் 1968-ல் வந்த இந்தப் பெட்டிகளின் முகப்பு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். பார்க்க அழகு, ஆனால் பெட்டி விட்டுப் பெட்டி தாண்டுபவர்களுக்குப் பிடிக்க எதுவும் இல்லாத ஆபத்து. கம்பிகளையும் தடுப்புகளையும் பிறகு பொருத்தினார்கள். அடுத்த ஒப்பந்தமான ஆர்-40ஏ-யின் 200 பெட்டிகளில் முதல் 100 பழையபடி சாய்முகம், அடுத்த 100 நேர்முகம். 'ஆர்-40ஏ' என்று சொன்னால் முகம் எப்படி என்று தெரியாது. ஆர்வலர்கள் சாய்ந்ததை 'ஸ்லான்ட்' என்றும் நேரானதை 'ஆர்-40எம்' என்றும் பிரித்தார்கள். ஏடு காட்டாத வேறுபாட்டைக் கண் காட்டிவிட்டது.

வேறு நகரங்களில் இந்த வழக்கம் உண்டா?

லண்டனில் ஆண்டே பெயர்: '1938 ஸ்டாக்' என்பதுபோல. அந்த 1938 ரயில்களில் சில வைட் தீவுக்குப் போய், அங்கே '483 வகுப்பு' என்ற இன்னொரு அலுவல் பெயர் பெற்று 2021 ஜனவரி வரை ஓடின. பெர்லின் எனக்குப் பிடித்த ஊர். 1920-களின் பி வகைப் பெட்டிகளுக்கு முகப்பில் இரண்டு முட்டை வடிவ ஜன்னல்கள். மக்கள் 'சுரங்க ஆந்தை' என்றார்கள். டி வகை 'டோரா' ஆயிற்று, ஏனெனில் டி எழுத்தைத் தொலைபேசியில் விளக்க ஜெர்மானியர்கள் சொன்ன பெயர் டோரா. ஐகே என்ற புதிய வகையை 'இக்கே' என்கிறார்கள். பெர்லின் பேச்சுவழக்கில் அதற்கு 'நான்' என்று பொருள்.

படக்குறிப்பிலோ கட்டுரையிலோ எந்தப் பெயரை எழுதுவது?

என் முறை இது. ஒப்பந்தப் பெயர் அல்லது வகைப் பெயர் முதலில், பெட்டி எண் அடுத்து, ஆண்டும் இடமும் பிறகு. பட்டப்பெயர் அந்த ஆண்டில் வழக்கில் இருந்திருந்தால் சேர்ப்பேன். இல்லையென்றால் 'பிற்காலத்தில் ரெட்பேர்ட் எனப்பட்டது' என்று எழுதுவேன். பெட்டி எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். நிறம் மாறும், பெயர் மாறும். படத்தில் பக்கவாட்டில் தெரியும் நாலு இலக்கத்தை வைத்துப் பிறகு வருபவர் எல்லாவற்றையும் சரிபார்க்கலாம். பேசும்போது இந்தக் கட்டுப்பாடு எதுவும் தேவையில்லை. டிரிப்ளெக்ஸ் என்று வாய் நிறையச் சொல்லுங்கள்.

இவற்றை நேரில் எங்கே பார்க்கலாம்?

புரூக்ளினில் உள்ள நியூயார்க் போக்குவரத்து அருங்காட்சியகத்தில். அது இருப்பதே ஒரு சுரங்க நிலையத்துக்குள்: 1936-ல் திறந்து 1946-ல் மூடப்பட்ட கோர்ட் தெரு நிலையம், 1976 ஜூலை 4 முதல் அருங்காட்சியகம். தெருவில் சாதாரண நிலைய வாசல் போலவே படிக்கட்டு. கீழ்த்தளத்தில் நடைமேடையின் இரண்டு பக்கமும் பெட்டிகள் கதவு திறந்து நிற்கின்றன, ஏறலாம், உட்காரலாம். ஆர்-1 தொகுதியின் முதல் பெட்டி, எண் 100, அங்கே இருக்கிறது. டிசம்பரில் ஆர்நைன்களைக் கோத்து விடுமுறைச் சிறப்பு ரயிலாக ஓட்டுவதுண்டு. சாதாரண டிக்கெட்தான், பற்சக்கரப் பாட்டைக் கேட்க அதுவே வழி. பெட்டியின் நடுவே, சக்கரங்களுக்கு நேர் மேலே இடம் பிடியுங்கள் என்று சிலர் சொல்வார்கள். சக்கரங்கள் இரு கோடியிலும் இருக்கின்றன, ஆகவே கோடிக்குப் போங்கள்.

அருங்காட்சியகத்தில் 9306 என்ற எண்ணைத் தேடுங்கள். அது ஆர்-33எஸ், ஒற்றைப் பெட்டி. கண்காட்சி நாளின் நீலமும் வெள்ளையும் திரும்பப் பூசி நிறுத்தியிருக்கிறார்கள்.